பழி சென்சாருக்கு, பில் ஓனருக்கு

ஓடிக்கொண்டிருக்கும் லாரி திடீரென்று அணைகிறது. ஓரம் கட்டிப் பத்து நிமிடம் நின்றால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. அன்று முழுக்க ஓடுகிறது. மறுநாளோ மறுவாரமோ மறுபடியும் அதே கதை. சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ ஏதாவது ஒரு பட்டறை வாசலில் இதைச் சொல்லிப் பாருங்கள். கேபினைச் சாய்க்கும் முன்பே பதில் வந்துவிடும்: “சென்சாருங்க. ஸ்கேனர் போட்டு மாத்திரலாம்.”

ஓனரும் தலையாட்டுவார். அவருக்கும் அதே நம்பிக்கைதான். புகை விதிகளாக பிஎஸ்4 வந்தது, பிஎஸ்6 வந்தது, வண்டி முழுக்க வயரும் சென்சாருமாகிவிட்டது, இனி எது நின்றாலும் அதில் ஒன்றுதான் காரணம் என்பது லாரித் தொழிலில் யாரும் எதிர்த்துப் பேசாத வேதவாக்கு. நான் எதிர்த்துப் பேசுகிறேன். சென்சார் கெடவே கெடாது என்பது என் கட்சி இல்லை, கெடும். ஆனால் விட்டு விட்டு நிற்கும் டீசல் என்ஜினில் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பொருளை முதலில் மாற்றுகிறோம். அதுவும் அளந்து பார்க்காமல் மாற்றுகிறோம். இதற்கு ரிப்பேர் என்று பெயர் வைத்துப் பில் வேறு போடுகிறோம்.

அடிப்படையிலிருந்தே வருவோம். டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்று உள்ளே போக வேண்டும், பிஸ்டன் அதை அழுத்த வேண்டும், அழுத்திய சூட்டில் சரியான நேரத்தில் டீசல் பீய்ச்ச வேண்டும். அவ்வளவுதான். நல்ல கம்ப்ரஷன் பத்து நிமிடம் காணாமல் போய்த் தானே திரும்பி வராது. ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் கரும்புகை தள்ளும், இழுவை போகும். சட்டென்று நின்று சட்டென்று சரியாகாது. ஆகவே நின்று நின்று ஓடும் வண்டியில் அநேகமாக எப்போதும் நிற்பது டீசல்தான். டீசல் வந்து சேராமல் நின்றதா, இல்லை பீய்ச்சச் சொல்லும் உத்தரவு வராமல் நின்றதா என்பது மட்டுமே கேள்வி. முதலாவது பைப்பும் டேங்கும் பம்பும் சார்ந்தது. இரண்டாவது கரண்ட் சார்ந்தது.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஸ்கேனர் தேவையில்லை. டிரைவர் போதும். சாவியைத் திருப்பி ஆஃப் செய்ததுபோல் ஒரே அடியாக அணைந்ததென்றால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். திணறி, இழுவை குறைந்து, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மேலே ஏறாமல் செத்ததென்றால் டீசல் பக்கம். அணைந்த அந்த நொடியில் டாஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்து போயினவா? செல்ஃப் அடித்தவுடன் பிடித்ததா, ஹேண்ட் பிரைமரை அடித்த பிறகு பிடித்ததா, ஆறவிட்ட பிறகுதான் பிடித்ததா? ஒவ்வொரு பதிலும் பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து கழித்துவிடும்.

ஆனால் பட்டறையில் யாரும் டிரைவரைக் கேட்பதில்லை. ஓனர் போனில் பேசுவார், மேஸ்திரி போனில் பதில் சொல்வார். நள்ளிரவில் நெடுஞ்சாலையில் வண்டியோடு நின்றவர் ஓரமாகப் பீடி பிடித்துக்கொண்டிருப்பார். ஒருமுறை ஒரு சிமெண்ட் லோடு டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். டீசல் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரும் ஃபில்டர்களும் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தன.

“எப்பண்ணா நிக்குது?”

“அதுக்கு நேரங்காலமே இல்லீங்க. எப்ப வேணா நிக்கும்.”

“டேங்க்ல டீசல் எவ்வளவு இருக்கும் அப்போ?”

கொஞ்சம் யோசித்தார். “பாதிக்குக் கீழதாங்க இருக்கும். ஆமாங்க, ஃபுல் டேங்க் அடிச்சு ஒரு நாளும் நின்னதில்லீங்க.”

அந்த ஒரு வாக்கியத்தில் வழக்கு முடிந்துவிட்டது. டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் நடுமட்டத்தில் ஒரு விரிசல். டீசல் அதற்கு மேல் இருக்கும்வரை விரிசல் டீசலில் முழுகியிருக்கும், வண்டி ஓடும். மட்டம் கீழே இறங்கினால், அல்லது ஏற்றத்தில் டீசல் பின்னால் சரிந்தால், குழாய் டீசலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். எந்த ஸ்கேனரும் இதைச் சொல்லாது. ‘ரெயில் பிரஷர் குறைவு’ என்று ஒரு கோளாறுக் கோடு (code) போடும், பி0087 என்று. பட்டறைக்காரர் அதைப் படித்துவிட்டு ரெயில் பிரஷர் சென்சாரைக் கழற்றி எறிந்திருக்கிறார். உண்மையிலேயே பிரஷர் குறைந்தது. அந்தச் சென்சார் அதை உள்ளபடி சொன்னது. புகார் கொடுக்க வந்தவனையே லாக்கப்பில் தள்ளிய கதை இது.

கோடு என்பது தீர்ப்பு இல்லை என்பதை நம் தொழிலில் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இந்த இடத்தில் நான் எதிர்பார்த்த அளவு வரவில்லை’ என்று மட்டுமே என்ஜினின் கம்ப்யூட்டரான இசியு சொல்கிறது. ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது. காமன் ரெயில் வண்டியில் நின்ற இடத்தில் உறுமும்போது சில நூறு பார், முழு இழுவையில் 1,600 பார், அதற்கு மேலும் பிரஷர் வேண்டும். அந்த அளவுக்குப் பம்ப் ஏற்ற வேண்டுமென்றால் அதற்கு வரும் டீசலில் காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது. வெளிக்காற்று உள்ளே போகும். சொட்டும் இல்லை, ஈரமும் இல்லை. “எங்கயும் லீக் இல்லீங்க, பாத்தாச்சு” என்று மேஸ்திரி சத்தியம் செய்வது இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை. ஈரத்தைத் தேடியிருக்கிறார், அவ்வளவே. பேன்ஜோ போல்ட்டில் இருமுறை மும்முறை இறுக்கி நசுங்கிப்போன காப்பர் வாஷர், கிளாம்புக்கு அடியில் வெடித்த ரப்பர் ஹோஸ், பிரைமரின் கிழிந்த டயஃப்ரம் இவையெல்லாம் அப்படித்தான் ஒளிந்துகொள்ளும். கண்டுபிடிக்க வழி சுலபம்: ஃபீட் பம்புக்குள் போகும் லைனில் ஒரு முழம் தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸைப் பொருத்தி வண்டியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். குமிழ் வந்தால் கண்ணுக்கே தெரியும். பிறகு டேங்கை நோக்கி ஒவ்வொரு மூட்டாகப் பின்னால் போனால் குற்றவாளி கிடைப்பான். இதற்காகும் செலவு ஒரு இன்ஜெக்டரின் விலையோடு ஒப்பிட்டால் காசே இல்லை.

டேங்க் மூடியையும் யாரும் பார்ப்பதில்லை. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கான ஓட்டை தூசியும் எண்ணெயும் சேர்ந்து அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஃபீட் பம்ப் இழுத்துத் தோற்றுப்போகும். நின்றவுடன் மூடியைத் திறந்தால் ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே ஏறும் சத்தம் கேட்கும். டிரைவர் டீசல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்ததிலேயே வண்டி சரியாகியிருக்கும். அதை அவரே அறிந்திருக்க மாட்டார்.

இப்போது அந்தப் பத்து நிமிடத்துக்கு வருவோம், ஏனென்றால் எதிர்த்தரப்பின் பலமான சாட்சி அதுதான். “சூடானா நிக்குது, ஆறினா எடுக்குது. அப்ப கிராங்க் சென்சார்தானே?” இருக்கலாம். என்ஜின் சுழல்வதை இசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாருக்குள் இருக்கும் சுருள் கம்பி சூட்டில் விரிந்து துண்டாகி, ஆறியபின் மறுபடி ஒட்டிக்கொள்வது உண்மையிலேயே நடக்கிற விஷயம். ஆனால் பத்து நிமிடம் நின்றால் ஆறுவது சென்சார் மட்டும்தானா? டேங்குக்குள் விழுந்த ஒரு துணித் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் கை துடைப்பதும் டேங்க் வாயைத் துடைப்பதும் திருப்பூர் பனியன் வேஸ்ட்டில்தான். அதில் உள்ளங்கை அளவு ஒன்று டேங்குக்குள் போய்விட்டால் போதும். எங்கேயோ மிதந்து கிடக்கும். ஏதோ ஒரு குலுக்கலில் உறிஞ்சு குழாயின் வாய்க்குப் போய் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் பட்டினியில் சாகும். என்ஜின் நின்றதும் உறிஞ்சல் நிற்கும். துணி தானாக விலகிக் கீழே போகும். பத்து நிமிடம் கழித்து செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்கும். ஆறியபின் எடுப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்கும் சூடான சென்சாருக்கும் வித்தியாசமே தெரியாது. டீசல் வாட்டர் செபரேட்டரில் தேங்கிய தண்ணீருக்கும், டேங்கின் அடியில் சேர்ந்த சேற்றுக்கும் ஏறக்குறைய இதே குணம் உண்டு.

வித்தியாசத்தை உறுதியாகக் காட்டுவது அளவீடுதான். காயில் வகை கிராங்க் சென்சாரைச் சந்தேகப்பட்டால், நின்ற நிமிடத்திலேயே, சூடு ஆறும் முன், அதன் இரு முனைகளிலும் ஓம் மீட்டரை வைக்க வேண்டும். பல வண்டிகளில் நல்ல சென்சார் ஆயிரம் ஓமுக்குப் பக்கத்தில் காட்டும். துண்டானது எதையும் காட்டாது. அதைவிடச் சுலபமான சாட்சி டாக்கோமீட்டர். வண்டி கியரிலேயே உருண்டுகொண்டிருக்கிறது, சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஆர்பிஎம் முள் மட்டும் பூஜ்யத்தில் விழுந்து கிடக்கிறது என்றால் சிக்னல் போய்விட்டது என்று பொருள். அப்போதும் குற்றவாளி சென்சாரா, சென்சாருக்குப் போகும் வயரா என்பது பாக்கி இருக்கிறது.

“என்ன சொன்னாலும் மாத்தினதும் சரியாயிடுச்சே!” இதுதான் அடுத்த வாதம். பெரும்பாலானவர்களை வாயடைக்க வைப்பதும் இதுவே. விட்டு விட்டு வரும் கோளாறில் ‘சரியாயிடுச்சு’ என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? அதை மாற்றாமல் விட்டிருந்தாலும் இரண்டு நாள் சரியாகத்தான் இருந்திருக்கும். விட்டு விட்டு வருவதன் அர்த்தமே அதுதானே. அதோடு, சென்சாரை மாற்றும்போது வேறு என்னென்ன நடக்கிறது என்று கவனியுங்கள். கனெக்டரைப் பிடுங்கிச் செருகுகிறார்கள். பச்சை பிடித்திருந்த முனை உராய்ந்து சுத்தமாகிறது. வயரிங் கட்டை இழுத்து நகர்த்துகிறார்கள். பிராக்கெட்டில் உரசித் தோல் போன வயர் தற்காலிகமாக விலகிக்கொள்கிறது. பேட்டரி டெர்மினலைக் கழற்றி இறுக்குகிறார்கள். கூடவே ஃபில்டரையும் மாற்றி ஏர் எடுக்கிறார்கள். இத்தனையில் எது வேலை செய்ததென்று யாருக்கும் தெரியாது. பெயரை மட்டும் புதுச் சென்சார் தட்டிக்கொண்டு போகிறது. மூன்று வாரம் கழித்து வண்டி மறுபடி நின்றால் “டூப்ளிகேட் சென்சார் போல” என்கிறார்கள், அல்லது அடுத்த சென்சாருக்குப் போகிறார்கள். கடைசியில் இசியுவே மாறும். நான் பார்த்தவரை அந்த இசியுக்களில் பலவற்றுக்கு எந்தக் கேடும் இல்லை. சந்தேகம் என்றால் கழற்றியதை வேறொரு நல்ல வண்டியில் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். அந்தச் சோதனையை ஏன் யாரும் செய்வதில்லை என்று யோசித்தால் பதில் கசக்கும்.

கரண்ட் பக்கம் கோளாறு இருந்தாலும் அது சென்சாரில் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. புதிய லாரி கம்பெனியிலிருந்து சேஸிஸாக வருகிறது. நாமக்கல் பக்கம் பாடி கட்டுகிறார்கள், வெல்டிங் அடிக்கிறார்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் இசியு கனெக்டரையும் கழற்றச் சொல்லி மேனுவலில் எழுதியிருக்கிறது. எத்தனை பட்டறையில் கழற்றுகிறார்கள்? அதற்கப்புறம் ஸ்டீரியோ, சீரியல் விளக்கு, கூடுதல் ஹாரன், ஜிபிஎஸ். இந்தக் கடைசி ஆள்மீது எனக்குத் தனி விரோதமே உண்டு. தவணை கட்டாத வண்டியை, திருடுபோன வண்டியை நிறுத்துவதற்காகச் சில ஜிபிஎஸ் பெட்டிகளோடு ஒரு ரிலேவும் வரும். அதை இக்னிஷன் லைனை வெட்டி நடுவில் சேர்ப்பார்கள். இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றி டாஷ்போர்டுக்குள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். பல லட்ச ரூபாய் வண்டியின் உயிர் அந்த முறுக்கில் தொங்குகிறது. குண்டும் குழியுமான சாலையில் ஒரு நொடி அது விட்டால் இசியுவுக்குச் சாவி ஆஃப் ஆன கணக்கு. என்ஜின் அணையும். ஒரு கோடும் பதிவாகாமல் போகலாம்.

எர்த்தும் இப்படித்தான். சேஸிஸிலிருந்து என்ஜின் பிளாக்குக்குப் போகும் பட்டை துருப்பிடித்திருக்கும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை வைப்பார், ‘பீப்’ சத்தம் வரும், “எர்த் ஓகே” என்பார். இழைகளில் ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்த பீப் வரும். ஏனென்றால் மீட்டர் அதன் வழியாக இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். லைனைச் சோதிக்க வேண்டுமென்றால் சுமை கொடுக்க வேண்டும். 24 வோல்ட் 70 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இசியுவுக்கு வரும் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவே எரியவிட்டால் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். பல்பு பளிச்சென்று எரிந்தால் லைன் நல்லது. மங்கினால், வயரை ஆட்டும்போது கண் சிமிட்டினால், நோய் இருக்கும் இடம் அங்கேதான். அதேபோல் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

“அந்தக் காலத்து வண்டி இப்படி நிக்குமா?” என்று ஒரு பெருமூச்சு இந்த விவாதத்தில் தவறாமல் வரும். நின்றது. டாடா 1210-உம் லேலண்ட் காமெட்டும் ஓட்டியவர்களைக் கேளுங்கள். ஏர் பிடித்து நடுவழியில் நின்று, கிளீனர் இறங்கிப் பம்பில் ஸ்பேனர் போட்டு ஏர் எடுத்த இரவுகளைச் சொல்வார்கள். அன்றைக்குப் பழி போட சென்சார் இல்லாததால் லைனைத் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள். வண்டி மாறிவிட்டது, டேங்கும் ஹோஸும் வாஷரும் மாறவில்லை. இன்னொரு கதையும் உண்டு: காருக்குச் செய்த காமன் ரெயிலை லாரியில் திணித்துவிட்டார்கள் என்பது. வரலாறு தலைகீழ். விற்பனைக்கு வந்த முதல் காமன் ரெயில் டீசல் ஒரு லாரியில்தான் வந்தது: 1995இல், ஜப்பானில், டென்சோ செய்து ஹினோ ரேஞ்சரில் பொருத்தியது. காருக்கு 1997இல்தான் போயிற்று. நாடு முழுக்க பிஎஸ்4 கட்டாயமானது 2017 ஏப்ரல் 1, பிஎஸ்6 கட்டாயமானது 2020 ஏப்ரல் 1. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ‘புது சிஸ்டம், ஒண்ணும் புரியல’ என்று சொல்லிப் பணம் வாங்குவது நியாயமில்லை.

நேரம் இல்லை என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். லோடு நாக்பூரில் நிற்கிறது, பார்ட்டி போன்மேல் போன் போடுகிறார், தவணை ஓடுகிறது. அந்த நெருக்கடியில் எதையாவது மாற்றிக் கிளப்பு என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் காரணம் தெரியாமல் கிளப்பிய வண்டி எங்கே மறுபடி நிற்கும் என்று யார் உறுதி சொல்வது? பெங்களூரிலிருந்து லோடோடு வரும் வண்டி தருமபுரியைத் தாண்டி தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. அங்கே என்ஜின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் செத்துவிடும், ஏர் கம்ப்ரஸர் நின்றுவிடும். பிரேக்குக்கு ஏர் டேங்கில் மிச்சமிருக்கும் காற்று மட்டுமே துணை. மிதிக்க மிதிக்க அதுவும் இறங்கும். ஒரு நாள் லோடு தாமதமாவதை இதோடு ஒப்பிட முடியுமா?

ஸ்கேனரைத் தூக்கிப் போடச் சொல்கிறேனா? இல்லை, அதைச் சரியாகப் பயன்படுத்தச் சொல்கிறேன். கோடு படிப்பது அந்தக் கருவியின் மிகச் சிறிய வேலை. அதை மாட்டியபடியே வண்டியை லோடோடு ஓட்ட வேண்டும். இசியு கேட்ட ரெயில் பிரஷர், உண்மையில் வந்த ரெயில் பிரஷர், ஆர்பிஎம், பேட்டரி வோல்ட் ஆகிய நான்கையும் பதிவு செய்ய வேண்டும். வண்டி அணைந்த நொடிக்குத் திரும்பிப் போய் எது முதலில் விழுந்தது என்று பார்க்க வேண்டும். கேட்ட பிரஷர் அப்படியே நிற்க, வந்த பிரஷர் முதலில் சரிந்தால் டீசல் பக்கம்: ஹோஸ், டேங்க், ஃபில்டர், பிறகுதான் பம்பும் இன்ஜெக்டர் ரிட்டனும். பிரஷர் நன்றாக இருக்கும்போதே ஆர்பிஎம் சட்டென்று பூஜ்யமானால் கிராங்க் சிக்னல். ஸ்கேனருக்கே தொடர்பு அறுந்து திரை உறைந்தால் இசியுவுக்கு வரும் கரண்ட். பாதி நாள் வேலை. பட்டறைக்காரர் இதற்குக் கூலி கேட்டால் தாராளமாகக் கொடுக்க வேண்டும். ஓனர்கள் செய்யும் தவறு இங்கேதான்: சாமானுக்குப் பத்தாயிரம் யோசிக்காமல் கொடுப்பார்கள், கண்டுபிடித்ததற்கு ஐந்நூறு என்றால் “சும்மா பாத்ததுக்கா?” என்பார்கள். பார்ப்பதற்குக் காசு இல்லாத ஊரில் மேஸ்திரி மாற்றத்தான் செய்வார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தமுறை உங்கள் வண்டியில் சென்சார் போய்விட்டது என்று சொன்னால், கழற்றிய பழையதைக் கையில் வாங்குங்கள். அது கெட்டதென்று மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்டினால் பில்லைக் கட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் பழையதையே திருப்பி மாட்டச் சொல்லிவிட்டு, டேங்க் மூடியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.